மூன்றடி மண், மூன்று சுற்று: பேருரு யாருக்குச் சொந்தம்?

1

ராஜபாளையத்தில் அக்கா வீடு. கரண்டு போன ஒரு சாயங்காலம். தெரு முழுக்க இருட்டு. மருமகன் கையில் மட்டும் வெளிச்சம். சிங்கப்பூரிலிருந்து அவன் சித்தப்பா வாங்கிவந்த ஸ்விட்ச் கருவியில் 'போகிமான்' விளையாடிக்கொண்டிருந்தான். 'இப்பப் பாருங்க மாமா' என்றான். திரையில் ஒரு மைதானம், சுற்றிலும் பல்லாயிரம் பேர். உள்ளங்கையில் அடங்கும் பந்து ஆள் உயரத்துக்குப் பெரிதாகிறது. அதைத் தூக்கி எறிந்ததும், சற்று முன் முழங்கால் உயரமே இருந்த பிராணி ஒரு கட்டிடம் மாதிரி எழும்பி நிற்கிறது. தலைக்கு மேல் செந்நிற மேகம் சுழல்கிறது. சனம் ஆர்ப்பரிக்கிறது.

'எம்புட்டு நேரம்டா இப்படி நிக்கும்?'

'மூணு டர்னுதான் மாமா. அப்புறம் தன்னால சுருங்கிரும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான்.'

'எங்க வேணா ஆகுமா?'

'ஆகாது. ஸ்டேடியத்துக்கு அடியில சக்தி இருக்கணும்.'

மூன்று என்றதும் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஞாபகம் வந்தது. இங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். குள்ளனாக வந்து மூன்றடி மண் கேட்டு, வானுக்கும் பூமிக்குமாய் வளர்ந்து அளந்தவனைத் திருப்பாவையின் மூன்றாம் பாட்டில் பாடியவள் அந்த ஊர்க்காரி. மூன்று அடிக்கும் மூன்று சுற்றுக்கும் உறவு இருக்கிறது என்று நான் நிறுவப் போவதில்லை. ஜப்பான்காரன் பாகவதம் படித்துத்தான் இதைச் செய்தான் என்கிற பெருமைப் பேச்சும் வேண்டாம். என் கேள்வி வேறு. சிறிய உடல் ஒன்றைப் பேருருவாக்கிக் காட்டும்போது அந்தப் பெருமை யாருடையது? அந்த உடலுடையதா, மேடைக்குச் சொந்தக்காரனுடையதா?

'குழந்தைகள் சமாச்சாரத்துக்குப் போய் விமர்சனமா' என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. சினிமாவையும் இப்படித்தான் கால் நூற்றாண்டு ஒதுக்கி வைத்திருந்தோம். அதற்குள் அது நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

2

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சில தகவல்கள். சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி என்பவரின் கற்பனையில் உருவாகி, 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது போகிமான். காட்டுப் பிராணிகளைப் பந்தில் அடைத்துப் பிடிப்பது, பழக்குவது, மோதவிடுவது இதன் வேலை. 2019 நவம்பரில் வந்த 'ஸ்வோர்டு', 'ஷீல்டு' என்ற இரட்டைப் பதிப்புகளில்தான் பேருரு வருகிறது. கதை நடக்கும் காலார் என்ற நிலம் பிரிட்டனை மாதிரியாக வைத்து வரையப்பட்டது.

பேருருவில் இரண்டு தரம். வெறுமனே அளவில் பெருப்பது டைனமேக்ஸ். உருவமே மாறிப் பெருப்பது ஜைகாண்டமேக்ஸ். இரண்டாவது எல்லாருக்கும் கிடையாது. ஒரே இனம், ஒரே நிறம், ஒரே பலம் கொண்ட இரண்டு பிராணிகளில் ஒன்றுக்கு அந்தத் 'தகுதி' இருக்கும், மற்றதற்கு இருக்காது. பிடிபடும்போதே அது தீர்மானமாகியிருக்கும். பயிற்சியால் வராது, ஜெயித்தாலும் வராது. 2020 ஜூனில் தனிக் காசுக்கு விற்ற கூடுதல் பகுதியில் இதற்கும் ஒரு வழி வைத்தார்கள். காளான் சூப் ஒன்றைக் குடித்தால் தகுதி இல்லாததற்கும் தகுதி வந்துவிடும். பொன்னாலான கர்ப்பப் பாத்திரத்துக்குள் புகுந்து வெளியே வந்து சத்திரியரான திருவிதாங்கூர் ராஜாக்களின் இரணியகர்ப்பச் சடங்கு அறிந்தவர்களுக்கு இந்த சூப்பின் ருசி புதிதாக இராது.

இனி விதிகள். ஒரு பிரதியின் அரசியல் அதன் கதையைவிட அதன் விதிகளில்தான் அப்பட்டமாகத் தெரியும். சாதாரண உருவில் ஒவ்வொரு பிராணிக்கும் தனித்தனி வித்தைகள் உண்டு. நெருப்பில் மட்டும் பத்து விதம். சுடுவது ஒன்று, மெல்ல எரிப்பது ஒன்று, தன்னையே கொளுத்திக்கொண்டு பாய்வது ஒன்று. டைனமேக்ஸ் ஆனதும் இவை அத்தனையும் ஒரே பெயருள்ள ஒரே பெருநெருப்பாகிவிடுகின்றன. தாக்காத வித்தைகள், அதாவது தூங்கவைப்பது, குழப்புவது, குணப்படுத்துவது எல்லாம் ஒரே கேடயமாகச் சுருங்கிவிடுகின்றன. உடல் பெருக்கிறது, பாஷை வற்றுகிறது.

இன்னொரு விதி. எதிராளி கனமாக இருக்க இருக்க அதிகம் நோகச் செய்யும் வித்தைகள் சில உண்டு. புல்லை முடிந்து காலை இடறவிடுவது அதில் ஒன்று. சின்னதுகள் பெரியதுகளை வீழ்த்த வைத்திருந்த ஆயுதம் இது. பேருருவின் முன் அது செல்லாது. 'தோல்வி' என்று எழுத்து வரும், அவ்வளவுதான். கனத்தின் அனுகூலம் எல்லாம் உண்டு, கனத்தால் வரும் ஆபத்து மட்டும் கிடையாது. நம் ஊரில் அதிகாரம் என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் படித்ததில்லை.

3

இப்போது மூன்றடிக்கு வருவோம். 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதியபோது வாமன அவதாரத்தைத் தலைகீழாக வாசித்தார். பலி மண்ணின் அரசன். குள்ளனாக வந்தவன் நிலம் பறிக்க வந்தவன். அந்த வாசிப்புக்குப் பின் திரிவிக்கிரமன் சிலையின் முன் சும்மா கைகூப்பி நிற்க முடியாது. முதலில் சின்னதாகக் கேள், நீர் வார்த்துக் கையெழுத்து வாங்கு, பிறகு அளவுகோலை மாற்று. நிலம் கையகப்படுத்தும் நோட்டீஸ் வாங்கிய எந்தச் சம்சாரிக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பேருருவின் மூன்றாவது அடி எப்போதும் ஒருவன் தலைமேல்தான் விழுகிறது.

புலேயின் வாசிப்போடு நின்றுவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் கைக்கு அகப்படாமல் போகும். கோதையின் பாட்டில் பேருரு வருவது நிலம் பிடிக்க அல்ல. மாதத்துக்கு மூன்று மழை வேண்டும், நெல் வளர வேண்டும், வயலில் மீன் துள்ள வேண்டும், பசு குடம் நிறைக்க வேண்டும் என்று இடைச்சிறுமிகள் விடியலில் கேட்கிறார்கள். அளந்தவனின் காலை அவர்கள் மழைக்கணக்காக மாற்றிக்கொள்கிறார்கள். மேலிருந்து வந்த பேருருவைக் கீழே இருப்பவர்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொள்ளும் காரியம் இது.

அவள் தகப்பன் பெரியாழ்வார் இன்னும் ஒரு படி மேலே. மதுரையில் வாதில் வென்று யானைமேல் ஊர்வலம் போகும்போது கருடன்மேல் பெருமாள் தோன்றுகிறார். கண்டவர் வரம் கேட்கவில்லை. 'ஐயோ, கண் பட்டுவிடுமே' என்று பயந்து, யானையின் மணியையே தாளமாக்கிக் கடவுளுக்கு ஆயுசு சொல்லிப் பாடினார் என்பது மரபு. பிறகு வாழ்நாளெல்லாம் அந்தப் பெரியவனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டினார். அவர் பூக்கட்டிய கோயிலின் மூலவர் ஆலிலைமேல் துயிலும் வடபத்ரசாயி. பேருருவைச் சின்னதாக்கிப் பார்ப்பதுதான் அந்த ஊரின் பழைய கெட்டிக்காரத்தனம். 11 நிலைக் கோபுரத்தைக் காட்டி, அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரமாக்கும் என்று நிமிர்வது பிற்பாடு வந்த பழக்கம்.

4

முத்திரை என்றதும் கட்-அவுட் ஞாபகம் வராத தமிழன் உண்டா? நம்முடைய ஜைகாண்டமேக்ஸ் அதுதான். ஐந்தரையடி நடிகர் அறுபதடியாக நிற்பார். கட்சிக்காரன் வந்தால் கையை உயர்த்தியபடி நிற்பார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பிரித்துக் காட்டியபோது, அந்தப் பிம்பத்துக்கு ரத்தம் கொடுத்தவர்கள் அடித்தட்டு மக்களே என்ற கசப்பை நாம் விழுங்க வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் அடிபட்டுச் செத்தாள். இரண்டு மாதம் கழித்து அந்த விளையாட்டு வெளிவந்தது. திரையில் பேருரு சரிந்தால் யாரும் சாவதில்லை. மேகம் கலைந்து, பிராணி பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

காலாரில் காப்பராஜா என்றொரு பிராணி இருக்கிறது. யானை. தோலில் செம்பின் களிம்புப் பச்சை. பெயரிலேயே 'ராஜா' இருக்கிறது. வெகுகாலத்துக்கு முன் வேறொரு தேசத்திலிருந்து வந்து மனிதர்களோடு சேர்ந்து உழைத்தது என்கிறது விளையாட்டின் குறிப்பேடு. பிரிட்டனை வரைந்து, அதில் செம்புநிற ராஜா யானையைக் கூலியாக இறக்கிய பிறகு அந்த 'வேறொரு தேசம்' எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கொண்டுவந்தது யார், திரும்பிப் போக முடிந்ததா என்பதைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு வரி கிடையாது. இதற்கு ஜைகாண்டமேக்ஸ் உண்டு. தும்பிக்கையின் ஒரு வீச்சில் மலை தரைமட்டமாகும்.

ஆண்டாள் கோயிலிலும் வேறு நிலத்திலிருந்து வந்த யானை ஒன்றைப் பற்றிய வழக்கு உண்டு. அஸ்ஸாமில் ஜாய்மாலா, இங்கே ஜெயமால்யதா. 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி நலவாழ்வு முகாமில் அது மரத்தடியில் கட்டப்பட்டு அடிபடும் வீடியோவை நாடே பார்த்தது. பாகனும் உதவியாளரும் நடவடிக்கைக்கு ஆளானார்கள். 2022இல் அஸ்ஸாம் அரசு, குத்தகைக்குத்தான் கொடுத்தோம், திருப்பித் தாருங்கள் என்றது. இங்கே நன்றாகத்தான் இருக்கிறது என்றது தமிழ்நாடு. விவகாரம் நீதிமன்றம் போயிற்று. இரண்டு மாநிலங்களும் யானையின் உடலை முன்னிறுத்தித் தத்தம் பெருமையை அளந்தன. யானைக்கு எது ஊர் என்று கேட்க யாருக்கும் அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். எலியளவுப் பிராணியை மூன்று சுற்றுக்கு யானையாக்கிக் கைதட்டும் கற்பனை, பிறப்பிலேயே பேருரு கொண்ட யானையைச் சங்கிலி நீளத்துக்குச் சுருக்கி வைப்பதோடு கூசாமல் சேர்ந்து வாழ்கிறது. இரண்டிலும் அளவை நிர்ணயிப்பது அந்த உடல் அல்ல. கோலை வீசிய பாகனைத் தண்டித்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? அவன் மாதச் சம்பளக்காரன். யானை இல்லாவிட்டால் கோயிலுக்குக் கௌரவம் இல்லை என்று நினைக்கும் நாம் அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

5

விளையாட்டின் கதைக்கே திரும்புவோம். பேருருவுக்கான சக்தி, 20,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல்லில் வந்து விழுந்த எட்டர்னேட்டஸ் என்ற உயிரிடமிருந்து வருகிறது. அதை அடைத்துவைத்து மைதானங்களை நடத்துபவர் ரோஸ் என்ற நிறுவனத் தலைவர். ஆயிரம் வருஷம் கழித்து மின்தட்டுப்பாடு வருமாம். அதைத் தடுக்க இன்றே அந்த உயிரைக் கிளப்பி ஊரைக் கலக்குகிறார். இறுதிப்போட்டி முடியட்டும், ஒரு நாள் பொறுங்கள் என்று சாம்பியன் கெஞ்சியும் கேட்கவில்லை. எதிர்காலத்தின் பெயரால் நிகழ்காலத்தை மிதிப்பவர்களை நமக்கும் தெரியும். 2012இல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்டு இல்லாமல் கிடந்தது தமிழ்நாடு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரனிடம் ஆயிரம் வருஷக் கவலையைச் சொன்னால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஊர் ஸ்பைக்மத். அதன் அடியில் சக்தி கிடையாது. மைதானத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள் என்றார் ரோஸ். மாட்டேன் என்றான் அந்த ஊர்த் தலைவனான பாட்டுக்காரன் பியர்ஸ். கூட்டம் வராமல் ஊர் நொடித்தது. ஷட்டர் இறங்கிய ஒற்றைத் தெரு. அங்கே மட்டும் யாரும் பேருரு எடுப்பதில்லை. இருக்கிற உடம்போடு, இருக்கிற வித்தையோடு மோத வேண்டும். கடைசியில் எட்டர்னேட்டஸை அடக்க வரும் இரண்டு ஓநாய்களுக்கும் டைனமேக்ஸ் கிடையாது. முன்பு நாட்டைக் காத்ததும் அவைதான். ஆனால் சிலை வைத்தபோது ஒற்றை மனித வீரனை நிறுத்தி ஓநாய்களை வரலாற்றிலிருந்து அழித்திருந்தார்கள். விளையாட்டு தன்னையறியாமல் ஒத்துக்கொள்ளும் உண்மை இது.

ஆடுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. தனிநபர் மோதலில் இது ஆட்டத்தையே கெடுக்கிறது என்று ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்பு 2019 டிசம்பரிலேயே டைனமேக்ஸைத் தடை செய்தது. வணிகம் அதற்கெல்லாம் அசையாது. தெருவில் நடந்து ஆடும் 'போகிமான் கோ'வுக்கு 2024இல் இதே பேருரு வந்தது. நடந்து துகள் சேர்க்கலாம். தீர்ந்தால் காசுக்கு வாங்கலாம். மறு வருஷமே அந்த விளையாட்டு, சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான ஸ்கோப்லி நிறுவனத்தின் கைக்குப் போனது. கோயிலும் குளமும் சிலையும் இந்த ஆட்டத்தில் சக்தி கிடைக்கும் நிலையங்களாகின்றன. அடியில் இருக்கும் நிலம் நம்முடையது, சக்தியின் கணக்குப்புத்தகம் வேறெங்கோ இருக்கிறது.

எழுதுகிற நமக்கும் இதில் பாடம் உண்டு. மேடை, விருது, முகப்பட்டை இவற்றில் மூன்று சுற்றுப் பேருருவுக்கு ஆசைப்படாத எழுத்தாளன் எத்தனை பேர்? பெரிதாகும்போது முதலில் போவது நம் பத்து வித நெருப்பு.

கரண்டு வந்தது. மருமகன் தலையைத் தூக்காமலே சொன்னான்: 'ஸ்பைக்மத்துதான் மாமா கஷ்டம். அங்க நிசமாவே ஆடத் தெரியணும்.'