நாலந்தாக் கெடிகே: வழியை இழந்த கற்றளி

இரத்தோட்டையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைவீதி ரிவர்ஸ்டன் உச்சியை அணுகுமிடத்து, மூடுபனி விலகும் வேளையில், மேற்றிசையில் மாத்தளைப் பள்ளத்தாக்கு விரிந்து தோன்றும். வடக்கே தம்புள்ளைப் பக்கம் நீளும் அப்பள்ளத்தாக்கே, இடைக்காலத்தில் சமவெளியின் அரச நகர்களை மலைநாட்டோடு இணைத்த வழியாகும். இருமருங்கும் மனைகள் நிரைத்த பழந்தெரு ஒன்றை ஈண்டுத் தேடுவார் ஏமாற்றமே அடைவர். மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் அமைந்த இல்லங்கள் நூற்றாண்டுகளைத் தாங்குவன அல்ல. எஞ்சியிருப்பன, இன்று பேருந்துகள் ஓடும் அவ்வழியும், அதன் அயலில் நிற்கும் நாலந்தாக் கெடிகே என்னும் கற்றளியுமே.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறக்குறைய நடுவழியில் உள்ளது நாலந்தா. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் போர்களோடு தொடர்புற்ற தளமாகவும் இவ்வூர் பேசப்படும். கெடிகேயோ அவனுக்கு முற்பட்டது. கி.பி. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை அதன் காலத்தை அறிஞர் பலவாறு கணிப்பர். கருவறை, இடைகழி, மண்டபம் என்னும் அமைப்பும், சுவரை அழகுசெய்யும் அரைத்தூண்களும், கபோதத்திலே மனித முகம் எட்டிப்பார்க்கும் கூடுகளும், பூதகணங்களின் வரியும் மாமல்லபுரத்தைக் கண்டவர்க்கு உடனே அதனை நினைப்பூட்டும். சிகரத்தின் தென்புறக் கூட்டிலே குபேரன் அமர்ந்திருக்கின்றான். இத்தனையும் கண்ட பின், வாயிலை நோக்கிய கண் திகைக்கும். அங்கே கிடப்பது சந்திரவட்டக்கல். இருபாலும் நிற்பன காவற்கற்கள். அணி எதுவுமின்றி வாளா நிற்பினும், அவை அநுராதபுரத்து மரபின் பிள்ளைகள் என்பதில் ஐயமில்லை.

இக்கட்டடம் யாருடையது என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. திராவிடக் கட்டடம் ஆதலின் இந்துக் கோயிலே என்று ஒரு சாரார் விரைந்து முடிவுகட்டுவர். இம்முடிவு எமக்கு உடன்பாடன்று. கட்டட முறை ஒரு மொழி போல்வது. அதனைப் பேசுவோர் எல்லாரும் ஒரே சமயத்தவராதல் வேண்டா. இந்துத் தெய்வ வடிவம் என்று துணிந்து கூறத்தக்கது எதுவும் அதன் கருவறையைத் தன்னதாக்கி நிற்கவில்லை. அருகில் உள்ளதோ தாதுகோபம். பௌத்தப் படிமமனையாகவே அது விளங்கியது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும். இனி, பல்லவச் சாயல் இருப்பதனாலேயே அதனை வேற்றுப்பொருளாகக் கருதி ஒதுக்குவோரும் தவறுகின்றனர். 7ஆம் நூற்றாண்டில் மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன் காஞ்சியிலே நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, பல்லவப் படையின் துணையோடு மீண்டு அரியணை ஏறினான். வேந்தரும் படைகளும் கடல்கடந்து பழகிய காலத்தில் உளியும் அளவுகோலும் மட்டும் கரையிலே நின்றுவிடுமா?

இனிக் கூறவேண்டியது பாதுகாப்பைப் பற்றியது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளையை அடைந்து, சுதுகங்கையோடு கலந்து போவதென்ன நீர்த்தேக்கத்துக்குச் செல்லுமாறு திட்டமிடப்பட்டபோது, கெடிகே மூழ்கும் நிலை நேர்ந்தது. 1975இல் அதனைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்தனர். 1980 அளவில் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திய நிலத்தில் மீண்டும் எழுப்பினர். வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டும். நீருக்காகப் பழங்கோயிலை அழியவிடலும் ஆகாது. இரண்டையும் காக்க முயன்றோரை யாம் குறைகூற மாட்டோம்.

ஆயினும், நாம் இப்பொழுது காண்பது எதனை? இருபுறமும் நீர் விளங்க, நீண்ட கரைப்பாதையின் முடிவில் தனித்து நிற்கும் அழகிய காட்சியை. புகைப்படம் எடுப்பார் அனைவரும் விரும்பும் இத்தனிமை 1980இல் தோன்றியது. சிற்பியின் கருத்தில் இருந்ததன்று. அவன் அதனைத் தாழ்நிலத்திலே, மனிதர் வந்துபோகும் வழியின் அயலிலே அமைத்தான். பிக்குவும் வணிகனும் படைவீரனும் எத்திசையிலிருந்து அதனை முதலிற் கண்டனர், எவ்வளவு அணுகிய பின் சிகரம் தென்பட்டது என்பவற்றை இன்றைய பாதையில் நடந்து அறிதல் இயலாது. கல்லைப் பெயர்க்கலாம், நிலத்தைப் பெயர்த்தல் அரிது. ஆந்திர நாட்டு நாகார்ச்சுனகொண்டாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1954 முதல் 1960 வரை அகழ்ந்து கண்ட பழநகரிலிருந்து தேர்ந்த சின்னங்கள் சில மலைமேல் மீளமைக்கப்பட்டன; அவற்றை ஒன்றாகக் கட்டிய தெருக்களும் படித்துறைகளும் கிடந்த பள்ளத்தாக்கை நீர் கொண்டது. ஆங்கு அகழாய்வு வரைபடங்களையாவது விரித்துப் பார்க்கலாம்.

நம் மாணவர் நாலந்தாவுக்குச் செல்லின், கரைப்பாதையில் நின்று வியந்து மீளற்க. பழைய இடத்தில் நின்ற கெடிகேயின் படங்களைத் தேடிக் கண்டு கைக்கொண்டு செல்க. தென்புறம் சென்று குபேரனைக் கண்டபின் திரும்பி, நீர்ப்பரப்பை நோக்குக. கோயில் முன்பு நின்ற இடம் அங்கேதான்.