கைதியும் மேடையும்: சிறை வாழ்க்கைப் படங்களில் பாணியாக்கம்

சிறைக்குள் வன்முறையால் பெயர்பெற்ற ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்கும் இயக்குநர் அந்த வன்முறைக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரா என்ற கேள்விக்கு, ஆங்கிலத் திரைப்படம் அரை நூற்றாண்டுக்குள் ஒன்றோடொன்று ஒவ்வாத விடைகளை அளித்திருக்கிறது. அவற்றுள் டென்மார்க் நாட்டவரான நிக்கோலஸ் வின்டிங் ரெஃப்ன் பிரிட்டனில் எடுத்த ‘பிரான்சன்’ (2008) தனித்து நிற்பதற்குக் காரணம் அதன் பாணியாக்கமே. அதாவது, நடந்ததை நடந்தபடி காட்டுவதாகப் பாவனை செய்யாமல், ஒளியாலும் இசையாலும் உடலசைவாலும் ‘இது புனைந்து காட்டப்படுவது’ என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே கதை சொல்லும் முறை.

இதற்கு நேர் எதிரான மரபுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஜான் ஃபிராங்கன்ஹைமரின் ‘பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்’ (1962). 1916-இல் லெவன்வொர்த் சிறையில் காவலர் ஒருவரைக் குத்திக் கொன்று, பின்னர் அதே சிறையில் பறவைகளை வளர்த்து அவற்றின் நோய்களைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் ஸ்ட்ரவுடை, பர்ட் லங்காஸ்டரின் அடக்கமான நடிப்பும் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவின் நிதானமும் ஏறத்தாழ ஒரு முனிவராக்கிவிடுகின்றன. 1942-இல் அல்கட்ராஸுக்கு மாற்றப்பட்ட பிறகு ஸ்ட்ரவுட் பறவை வளர்க்க அனுமதிக்கப்படவே இல்லை என்பதால், படத்தின் தலைப்பே உண்மைக்குப் புறம்பானது. யதார்த்தத் தோற்றம் எதை விட்டுவிட்டது என்பதைப் பார்வையாளருக்குத் தெரிவிப்பதில்லை. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டொமினிக்கின் ‘சாப்பர்’ (2000) இந்த நம்பகத் தோற்றத்தில் முதல் விரிசலை உண்டாக்கியது. மெல்போர்னின் பென்ட்ரிட்ஜ் சிறையில் இருந்த மார்க் ரீட், தான் செய்ததையும் செய்யாததையும் கலந்து நூல்களாக எழுதி விற்றவர். படமோ, அவர் சிறையறையில் அமர்ந்து தொலைக்காட்சியில் தன் பேட்டியைத் தானே ரசித்துப் பார்க்கும் காட்சியில் தொடங்கி, குற்றவாளியின் சொந்தக் கதையை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயத்தையே தன் பொருளாக்கிக்கொள்கிறது.

ரெஃப்ன் அந்த ஐயத்தையும் கடந்து செல்கிறார். அவர் படத்தின் நாயகரான, 1952-இல் லூட்டனில் பிறந்த மைக்கேல் பீட்டர்சன், 1974-இல் ஓர் அஞ்சலகத்தில் 26 பவுண்டுச் சொச்சத்தைக் கொள்ளையடித்ததற்காக 7 ஆண்டுத் தண்டனை பெற்று, சிறைக்குள் தொடர்ந்து காவலர்களையும் கைதிகளையும் தாக்கியதால் வெளியே வர முடியாதவரானார். 1987-இல் சில வாரங்கள் மட்டும் வெளியே இருந்தபோது, கையுறையில்லாக் குத்துச்சண்டைக்காக ஹாலிவுட் நடிகர் சார்ல்ஸ் பிரான்சனின் பெயரைச் சூட்டிக்கொண்டார். படத்தில் அவருடைய பெற்றோர் கண்ணியமானவர்கள். வறுமையோ கொடுமையோ அவர் பிள்ளைப் பருவத்தில் இல்லை. காரணம் தேடும் பார்வையாளருக்குப் பிடிமானம் எதையும் தராமல், முகத்தில் அரிதாரம் பூசிய டாம் ஹார்டியை ஓர் அரங்கத்தின் மேடையில் நிறுத்தி, அவையோர் முன் தன் வாழ்க்கையைத் தானே நிகழ்த்திக்காட்டச் செய்கிறார் இயக்குநர். புகழ் ஒன்றே தன் வேட்கை என்று பிரான்சன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், தனிமைச் சிறையில் காவலர்களுக்காகக் காத்திருந்து அவர் தொடுக்கும் ஒவ்வொரு சண்டையும் அடுத்த அரங்கேற்றமாகவே புலப்படுகிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஐஸ் வைட் ஷட்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த லாரி ஸ்மித்தின் சீரான சட்டகங்களும், அடிதடியின் மீது ஒலிக்கும் வெர்டி, வாக்னர் இசையும் இதை உறுதிப்படுத்துகின்றன. மனநல மருத்துவமனை நடனக் காட்சியில் பெட் ஷாப் பாய்ஸ் குழுவின் 1987-ஆம் ஆண்டுப் பாடல், அது வெளிவருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வின் மீது ஒலிப்பதையும் கவனக்குறைவாகக் கருத இயலாது; காலவரிசையைக் காட்டிலும் அந்த மனிதரின் தலைக்குள் ஓடும் கூத்தே இங்கு ஆவணமாகிறது. பொய்யை மறைக்காத இந்தப் புனைவு, ஸ்ட்ரவுடின் கதையைச் சொன்ன யதார்த்தப் படத்தைவிட நேர்மையானது.

எனினும் அந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. ஹல் சிறையில் 1999-இல் பிரான்சன் ஓர் ஓவிய ஆசிரியரைச் சுமார் 44 மணி நேரம் பிணைக்கைதியாக வைத்திருந்தார். அதற்காகவே 2000-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தச் சம்பவத்தை நினைவூட்டும் இறுதிப் பகுதியில் ஆசிரியர் கைதியின் கலைப்படைப்புக்கான பொருளாக மட்டுமே நிற்கிறார். அவருடைய அச்சம் படத்துக்குள் நுழைவதே இல்லை. மேடையில் ஒருவருக்கே பேச்சுரிமை தரும் வடிவம், அடிபட்டவரைத் தவிர்க்க முடியாமல் ஊமையாக்குகிறது. ஒருவருடைய புகழ்ப் பசியை இத்துணைத் துல்லியமாகப் பிடித்த படம், அந்தப் பசிக்கு இரையானவரின் பக்கம் ஒரு காட்சிக்கேனும் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாததே ‘பிரான்சன்’ படத்தின் பெருங்குறை.