தமிழ் வலைப்பக்க வடிவமைப்பு: ஒரு விமர்சனம்

வலைப்பக்கம் என்பது உருவாக்கியவர் தம் விருப்பப்படி அலங்கரிக்கும் சுவரொட்டி அன்று. முகம் தெரியாத ஒருவர் தம் கருவியில், தம் வசதிக்கேற்பப் படிக்க வேண்டிய உரை அது. இந்த வேறுபாட்டை மறந்த பக்கங்கள் தமிழில் இன்னும் ஏராளமாக உள்ளன.

எழுத்துருச் சிக்கல்

1990களில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. அதைத் தரவிறக்கி நிறுவாதவருக்குப் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தது. இதற்குத் தீர்வு காண டிஸ்கி குறியேற்றம் உருவானது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்களும் வந்தன. இறுதியில் ஒருங்குறியே நிலைபெற்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கியிலும் ஒருங்குறியிலும் வெளியிட்டது. அப்படி மாறாத தளங்களின் உள்ளடக்கம் தேடுபொறிகளுக்குத் தமிழாகவே தென்படுவதில்லை.

படமாக்கப்படும் உரை

குறியேற்றச் சிக்கல் தீர்ந்த பின்னும் அதே இழப்பை நாமே வரவழைத்துக் கொள்கிறோம். அறிவிப்பு, விண்ணப்ப விதிமுறை, கவிதை, ஏன் முழுக் கட்டுரைகூடப் படமாக இடப்படுகிறது. படத்தில் உள்ள சொல்லை உரையைப்போல் நேரடியாகப் படியெடுக்க முடியாது. கைப்பேசியில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். பார்வையற்றோருக்கு இழப்பு இன்னும் பெரிது. என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான், இஸ்பீக் குரல்பொறியின் உதவியுடன் தமிழைப் படித்துக் காட்டும். ஆனால் மாற்று உரை இல்லாத படத்தைச் சந்தித்தால், அங்கே படம் உள்ளது என்பதற்கு மேல் பயனுள்ள எதையும் அது பொதுவாகத் தானாகச் சொல்வதில்லை. உதவித்தொகைக்கான கடைசி நாள் அந்தப் படத்துக்குள் இருந்தால், அவருக்கு அந்த வாய்ப்பே இல்லை என்றாகிறது. படங்களுக்கு ஈடான உரை தர வேண்டும் என்பது 1999இல் வெளியான வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதலின் முதல் விதி.

படம் அழகாக இருக்கிறது, வாட்சப்பில் பகிர எளிது என்று இதற்குச் சமாதானம் கூறப்படுகிறது. இரண்டும் உண்மையே. படத்தைத் தாராளமாக இடலாம். அதன் கீழே அதே செய்தியை உரையாகவும் இட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஆங்கில வார்ப்பில் தமிழ்

ஆங்கிலத்துக்கு வடிவமைத்த வார்ப்புருவில் தமிழை அப்படியே கொட்டுவது அடுத்த குறை. தமிழில் ‘கீ’ மேலே நீளும். ‘ளு’ கீழே இறங்கும். வரி இடைவெளி குறுகினால் இவை ஒன்றோடொன்று மோதும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரி இடைவெளி கண்ணுக்கு இதம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைப்பேசித் திரையில் இரு ஓரமும் சீராக்கினால் ‘உருவாக்கப்பட்டிருக்கின்றன’ போன்ற சொல்லுக்கு முந்தைய வரியில் பெரும் வெற்றிடங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்குவதே நன்று.

வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் இடுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டை 2008ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கேட்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறிக்காமல் விடுவது கண்ணுக்குத் தெரியாத குறை. வார்ப்புருவில் இருந்த ஆங்கிலக் குறிப்பே தங்கிவிட்டால், திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று திணறக்கூடும்.

எளிய சோதனை

இவற்றைச் சரிசெய்யப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வெளியிடும் முன் படங்களை நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள். எழுத்தை இரு மடங்காக்குங்கள். சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். இம்மூன்றிலும் செய்தி சிதையாமல் இருந்தால் வாசகருக்குரிய மரியாதையில் பெரும்பகுதியைச் செய்துவிட்டீர்கள். அலங்காரம் அதற்குப் பிறகு வரட்டும்.