தத்தன் என்னும் சாட்சி: மெய்ப்பொருள் நாயனார் புராணத்தில் கொலை எடுத்துரைப்பு

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு, சிவவேடத்தைப் போற்றும் நெறிக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. பகைவனே எனினும் நீறும் சடையும் தாங்கி வந்தவனை அடியாராகக் கொண்டார் என்பதோடு அவ்வாசிப்பு நிறைவு பெறுகிறது. இது பிழையான வாசிப்பன்று. ஆயினும் தில்லைவாழ் அந்தணர் சருக்கத்தில் 25க்கும் குறைந்த பாடல்களில் அமைந்த இப்புராணம், அடிப்படையில் ஒரு கொலையின் வரலாறு. உறங்கும் வீட்டுக்குள் அயலான் நுழைகிறான். அவனிடம் மறைத்து வைத்த ஆயுதம் உண்டு. வீட்டுத் தலைவர் மனைவி அருகிருக்க உறங்குகிறார். கொலை எடுத்துரைப்பு என்னும் நோக்கில் இதனை அணுகும்போது, பக்தி வாசிப்பில் பின்தள்ளப்படும் ஒருவர் முன்னுக்கு வருகிறார். அவர் வாயிற்காவலர் தத்தன்.

இந்நோக்கிற்கு ஒப்பீடாக, ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' நூலைக் கொள்ளலாம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஹோல்கம் என்னும் சிற்றூரில், 1959 நவம்பர் 15 அன்று ஹெர்பர்ட் கிளட்டர் என்னும் வேளாண் பெருங்குடியாளரும் அவர் மனைவியும் மகளும் மகனும் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். கொலையாளிகளான ரிச்சர்ட் ஹிக்காக், பெர்ரி ஸ்மித் இருவரும் 1965 ஏப்ரல் 14 அன்று தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டில் 'நியூ யார்க்கர்' இதழில் தொடராக வந்து, 1966 தொடக்கத்தில் நூலாக வெளியான இப்படைப்பைக் கபோட்டி 'புனைவல்லாத நாவல்' என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காப்பியத்தையும் இருபதாம் நூற்றாண்டு இதழியல் நூலையும் இணைத்துப் பார்ப்பதில் இடர்ப்பாடு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன என்பதே இவ்வொப்பீட்டுக்கான நியாயம்.

சொல்லப்படாத குத்து

கபோட்டி கொலையை ஒளித்து வைக்கிறார். முதற்பகுதி, கிளட்டர் குடும்பத்தின் கடைசி நாளையும் கொலையாளிகளின் பயணத்தையும் மாறி மாறிச் சொல்லி, உடல்கள் கண்டெடுக்கப்படும் காலைக்கு வந்துவிடுகிறது. இடையிலிருக்கும் இரவு விடுபடுகிறது. அவ்விரவு வாசகருக்குக் கிடைப்பது மூன்றாம் பகுதியில், பிடிபட்ட பெர்ரி ஸ்மித் காரில் செல்லும்போது தரும் வாக்குமூலத்தின் வழியாக. அதாவது, கொலையைச் சொல்லும் உரிமை கொன்றவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. கிளட்டர் குளிர்ந்த தரையில் கிடக்க வேண்டாம் என்று மெத்தைப் பெட்டியின் அட்டையை விரித்த அதே கை, சற்று நேரத்தில் அவர் கழுத்தை அறுத்தது என்பதை வாசகர் அறிவதும் அவன் வாயிலிருந்தே. நூலின் ஆற்றல் இவ்விடத்தில் உச்சம் பெறுகிறது. கிளட்டர் குடும்பத்தினர் நூலிலிருந்து மறையத் தொடங்குவதும் இவ்விடத்திலிருந்துதான்.

சேக்கிழார் எதையும் ஒளிப்பதில்லை. பலமுறை போரிட்டுத் தோற்று, யானையும் குதிரையும் இழந்த முத்தநாதன், போரால் வெல்ல இயலாதவரை வஞ்சத்தால் வெல்லத் துணிகிறான் என்பது தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. புத்தகக் கட்டுக்குள் ஆயுதம் இருப்பதையும் வாசகர் அறிவார். ஒளி தரும் விளக்கே உள்ளே மையைப் பொதிந்து வைத்திருப்பதுபோல என்னும் உவமை அவன் நுழையும்போதே வந்துவிடுகிறது. எனவே யார், எப்படி என்னும் வினாக்களுக்கு இங்கு இடமில்லை. வாயில்களை அவன் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, அறிந்ததைச் சொல்ல முடியாத நிலையில் வாசகர் நிறுத்தப்படுகிறார்.

ஆனால் குத்து நிகழும் கணத்தில் சேக்கிழாரின் மொழி சுருங்கிவிடுகிறது. கிடைத்தற்கரிய ஆகமத்தைக் கொணர்ந்திருப்பதாகக் கூறும் முத்தநாதன், தனிமை வேண்டுமென்று கேட்டுத் தேவியை அகற்றச் செய்கிறான். அவனை உயர்ந்த இருக்கையில் இருத்திவிட்டு அரசர் தாழ இருந்து வணங்குகிறார். தான் நினைத்து வந்ததை அவன் செய்தான் என்ற அளவில் கொலை முடிகிறது. குத்தினான், வெட்டினான் என்னும் வினை எதுவும் இல்லை. காயத்தின் இடம் சொல்லப்படவில்லை. அதே பாடலின் முடிவு, வேடத்தைத் தொழுத அரசரின் வெற்றியைக் கூறும் வினையைக் கொண்டு அமைகிறது. இலக்கண நிலையில் கொலையாளிக்குக் கிட்டுவது சுட்டிச் சொல்லும் பொதுவினை ஒன்றே. தெளிந்த வினை கொல்லப்பட்டவருக்கு உரியதாகிறது. இவ்வொரு பாடலின் வினையமைப்பே தனிக்கட்டுரைக்குரியது.

கொலையாளியின் மனம்

முத்தநாதனுக்கு இளமைக்காலம் இல்லை, காயப்பட்ட நெஞ்சும் இல்லை. தொடர்தோல்வி என்னும் ஒரே காரணம் போதுமெனச் சேக்கிழார் விட்டுவிடுகிறார். கபோட்டியோ பெர்ரி ஸ்மித்தின் சிதைந்த குடும்பம், விடுதிகளில் பட்ட அடி, கனவுகள் என விரித்துச் செல்கிறார். கொலையாளியின் உள்ளத்தைத் திறந்தால் கொலை விளங்கிவிடும் என்னும் நம்பிக்கை நவீன எழுத்துக்குப் பொதுவானது. தமிழிலும் இது உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை அடிப்படையாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975), பண்ணையாரின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறையோடு தொடர்பு கற்பித்தது. கூலி உயர்வுக்கும் நிலவுடைமைக்கும் இடையிலான மோதல் ஒருவரின் உடற்குறையாகச் சுருங்கிவிட்டது என்று இடதுசாரித் திறனாய்வாளர்கள் எழுப்பிய எதிர்ப்பு இன்றும் வலுவிழக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சந்தைகளில் விற்கப்பட்ட கொலைச்சிந்து நூல்களுக்கு இத்தகைய உள்ளாய்வில் நாட்டமில்லை. அவை நிகழ்ச்சியையும் தண்டனையையும் நாடின.

பெயர் பெற்றவர்

சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் மெய்ப்பொருளார் ஓர் அடியில் அடங்குகிறார். கொலை பற்றிய குறிப்பு அங்கில்லை. நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியில்தான் பொய்த்தவ வேடத்தானும் கொலையும் சேதி நாட்டரசரின் இறுதிச் சொல்லும் வருகின்றன. அப்பாடலில் தத்தனின் பெயர் உண்டு. கொன்றவனின் பெயர் இல்லை. முத்தநாதன் என்னும் பெயரைச் சேக்கிழாரிடமே காண்கிறோம். இம்மூன்று நூல்களின் வரிசையில், கொன்றவனுக்கு முன்பே வாயிற்காவலர் பெயர் பெற்றுவிடுகிறார். கிளட்டர் வழக்கில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. இன்று உலகறிந்தது பெர்ரி ஸ்மித்தின் பெயர். கான்சஸுக்கு வெளியே கிளட்டரின் பிள்ளைகளின் பெயரைச் சொல்பவர் சிலரே.

தத்தனைச் சேக்கிழார் தொடக்கத்திலிருந்தே தனித்துக் காட்டுகிறார். மற்ற வாயில்களில் நின்றவர்கள் வேடத்தைக் கண்டு வழிவிட்டனர். அரசர் உறங்குகிறார், காலமறிந்து செல்க என்று தடுத்தவர் தத்தன் ஒருவரே. உள்ளே விட்ட பின்னும் அவர் மனம் அங்கேயே இருந்தது. அதனால்தான் கணப்பொழுதில் வாளோடு புகுகிறார். அவருடைய ஐயம் முற்றிலும் சரியாக இருந்தது. அவ்வாறு சரியாக ஐயுற்றவரிடம், வீழ்ந்துகொண்டிருக்கும் அரசர், இவர் நம்மவர் என்று கூறித் தடுக்கிறார். அத்துடன் நில்லாமல், வழியில் எவரும் இடர் செய்யாதவாறு அவனைக் கொண்டுபோய் விடுமாறு பணிக்கிறார். வேடத்தைப் போற்றும் நெறி அரசருக்குத் தாமே விரும்பி ஏற்ற நெறி. தத்தனுக்கு அது ஆணையாக வந்து சேர்கிறது. தம் தலைவரைக் கொன்றவனுக்கு அவர் மெய்க்காவலராகிறார். செய்தியறிந்து கொதித்து வந்து சூழ்ந்த ஊர்மக்களை அரசரின் ஆணையைச் சொல்லி விலக்கி, நகரைக் கடந்து, அவனை விட்டுவிட்டுத் திரும்புகிறார். அதைக் கேட்பதற்காகவே அரசர் உயிரைத் தாங்கியிருக்கிறார். இன்று எனக்கு நீ செய்ததை வேறு யாரால் செய்ய முடியும் என்னும் கருத்தில் அவர் கூறுவது வெறும் பாராட்டு அன்று. தத்தனிடம் தாம் எதைக் கேட்டுப் பெற்றோம் என்பதை அரசர் உணர்ந்திருக்கிறார். அறுபத்துமூவர் எண்ணிக்கையில் தத்தன் இல்லை.

கபோட்டியின் நூலில் இவ்விடத்தில் நிற்பவர் கான்சஸ் புலனாய்வு அதிகாரி ஆல்வின் டூயி. தூக்கு நிறைவேறுவதைக் கண்டும் அவருக்கு விடுதலை உணர்வு வாய்க்கவில்லை. எனவே நூல், கிளட்டர் குடும்பத்தின் கல்லறை அருகே கொல்லப்பட்ட மகளின் தோழியை அவர் சந்திக்கும் அமைதியான காட்சியில் முடிகிறது. இக்காட்சி நிகழவேயில்லை, கபோட்டியின் கற்பனை என்பது பின்னர் வெளிப்பட்டது. உண்மை தவிர வேறில்லை என்று அறிவித்துக்கொண்ட நூல், ஆறுதலுக்காகப் புனைவை நாடியது. தூக்குக்காக எழுத்தாளர் காத்திருந்தார் என்று 1966இலேயே கென்னத் டைனன் கடிந்ததை நினைத்தால், இப்புனைவு எத்துணைத் தேவைப்பட்டிருக்கும் என்பது விளங்கும். சேக்கிழாருக்கும் அரசரின் இறப்பு தேவைப்பட்டது. அவரும் இறைக்காட்சியோடுதான் முடிக்கிறார். ஆயினும் அக்காட்சி மெய்ப்பொருளாருக்கு உரியது. தத்தனுக்கு அவர் ஆறுதல் எதையும் அமைக்கவில்லை.

நிகழ்விடமும் கருதத்தக்கது. தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூர், அட்ட வீரட்டத் தலங்களுள் சிவபெருமான் அந்தகனை அழித்த தலம். வஞ்சகனை அழித்தல் இவ்வூரின் தலபுராணத்துக்கு அயலானதன்று. அத்தகைய ஊரில் வாளைத் தடுத்த அரசரைச் சேக்கிழார் நிறுத்துகிறார். இந்நாட்டுக்குரிய மலையமான் மரபைப் பற்றிய புறநானூற்று 46ஆம் பாடலிலும் ஒரு கொலை தடுக்கப்படுகிறது. மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடவிருந்த சோழன் கிள்ளிவளவனைக் கோவூர்கிழாரின் சொல் நிறுத்துகிறது. அங்கே புலவரின் சொல் பிள்ளைகளைக் காக்கிறது. இங்கே அரசரின் சொல் கொலையாளியைக் காக்கிறது. இரண்டாவதன் விலையைத் தத்தனோடு வேறொருவரும் செலுத்துகிறார்.

வந்தவனை முதலில் கண்டு, அரசரை எழுப்பியவர் தேவி. தனிமை வேண்டும் என்றவுடன் அரசரின் சொல்லால் அந்தப்புரம் சென்றவரும் அவரே. இறுதியில் அரசர் அரசுரிமையாளர்க்கும் தேவியர்க்கும் நீற்று நெறியைக் காக்குமாறு உரைக்கிறார். கொன்றவன் நகரைக் கடந்து போய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்தப்புரத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு இப்புராணத்தில் பாடல் இல்லை.