யாருடைய பொழுது?

ஒரு பெண் தன் விருப்பத்துக்காக மட்டும் செய்யும் வேலையை நம் வீடுகள் இரண்டு விதமாக எதிர்கொள்கின்றன. அவள் வயர் கூடை பின்னினாலும், குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்தாலும், மொட்டை மாடித் தொட்டியில் பூத்த செம்பருத்தியைக் கைபேசியில் பத்துக் கோணத்தில் படம் எடுத்தாலும், ‘வேலை இல்லாதவள்’ என்பது ஒரு விதம். ‘நன்றாக இருக்கிறதே, விற்றால் நாலு காசு வருமே’ என்பது இன்னொரு விதம். முதலாவது இகழ்ச்சி, இரண்டாவது பாராட்டுப் போலத் தெரிகிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். பெண்ணின் நேரம் அவளுடையது அல்ல, அதற்கு அவள் யாரிடமாவது கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதே அது.

பெண்ணிய விமர்சனம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: ‘இது பொழுதுபோக்கு அல்ல, கலை.’ 1984இல் ரோஸிகா பார்க்கர் எழுதிய ‘தி சப்வர்சிவ் ஸ்டிச்’ என்ற நூல் இந்த வழியில் முக்கியமானது. பெண்களுக்கு அடக்கத்தைப் பழக்கும் கருவியாக எம்பிராய்டரி இருந்ததையும், அதே ஊசியைப் பெண்கள் எதிர்ப்புக்கும் பயன்படுத்தியதையும் அவர் ஒருசேரக் காட்டினார். இந்த மீட்பு தேவையானது. ஆனால் அருங்காட்சியகத்தின் வாசல் வரை வந்து சேர்ந்த கைகளையே இது பெரும்பாலும் மீட்கிறது. பெரிய கலை எதையும் படைக்காத, படைக்க விரும்பவும் செய்யாத ஒருத்தியின் மகிழ்ச்சியை என்ன செய்வது? அவள் பின்னிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் நின்றது யார்? இந்த இரு கேள்விகளோடு ஒரு புகைப்படக் கலைஞரின் வாழ்க்கையைப் படித்துப் பார்க்கலாம்.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், அவருக்கு 48 வயதாக இருந்தபோது, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். கணவர் இலங்கையிலிருந்த காப்பித் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டர் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்பதே பரிசின் நோக்கம். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 1,200க்கும் மேற்பட்ட படங்களை அவர் உருவாக்கினார். டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் எல்லோரும் அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்.

அவர் படமெடுத்த முறையைப் பார்த்தால், கைவேலைக்கும் புகைப்படத்துக்கும் இன்று நாம் போடும் கோடு அழிந்துவிடும். கோழிக் கொட்டகையைப் படப்பிடிப்பு அறையாகவும், கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றினார். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை வழியவிட்டுச் சீராகப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவி எடுக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்டால் தோல் கறுத்துவிடும். அவருடைய விரல்களிலும் உடைகளிலும் அந்தக் கறை இருந்தது.

அக்காலப் புகைப்படச் சங்கத்து ஆண்கள் அவருடைய படங்களில் குறைகளையே எண்ணினார்கள். குவியம் மங்கல், தகட்டில் கீறல், விரல் ரேகை. தொழில்நுட்பம் தெரியாத அமெச்சூர் என்பது அவர்களுடைய தீர்ப்பு. அந்த மங்கல் வேண்டுமென்றே வைத்தது என்று அவர் சொன்னார். தன் படங்களுக்குப் பதிப்புரிமை பதிவுசெய்தார். லண்டனில் அச்சுப்படங்களை விற்றார். 1865லேயே இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் இடத்தில் காட்சிப்படுத்தினார். இவ்வளவுக்குப் பிறகும் ‘அமெச்சூர்’ என்ற சொல் அவரை விடவில்லை. அவருக்கு முன்பே, 1843 முதல் கடற்பாசிகளை நீலப் படங்களாகப் பதித்து, எழுத்தையும் கையாலேயே எழுதி நூலாக்கிய ஆனா அட்கின்ஸுக்கு இதைவிட மோசமாக நடந்தது. அவர் நூலில் இட்ட ‘ஏ.ஏ.’ என்ற இரண்டு எழுத்துகளை ‘அநாமதேய அமெச்சூர்’ என்று பின்னால் வந்தவர்கள் விரித்துக்கொண்டார்கள். தன் பெயரின் முதலெழுத்துகளையே ஒரு பெண்ணால் தன்னுடையதாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

கேமரனின் படங்களைத் தொகுத்து 1926இல் தன் ஹோகார்த் பதிப்பகத்தில் வெளியிட்டவர் வர்ஜீனியா வூல்ஃப். அவருடைய அம்மா ஜூலியா ஜாக்சன், கேமரனின் தங்கை மகள். நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘புகழ்பெற்ற ஆண்கள், அழகிய பெண்கள்: விக்டோரியா காலப் படங்கள்’ என்று வரும். அது கேமரனின் பார்வையையும் சரியாகவே சுருக்கிவிடுகிறது. ஆண்கள் தங்கள் சொந்தப் பெயரோடும் சாதனையோடும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களில் பலர் மரியாளாகவோ காவியத்து நாயகியாகவோ வேடம் ஏற்றிருக்கிறார்கள். மரியாளாகத் திரும்பத் திரும்பத் தோன்றும் மேரி ஹில்லியர் அவர் வீட்டுப் பணிப்பெண். பணிப்பெண்ணுக்குப் புனிதத் தாயின் முகத்தைக் கொடுத்தது அழகான காரியம்தான். ஆனால் எசமானியம்மாவின் பொழுதுபோக்குக்காக அசையாமல் நின்ற அந்த நிமிடங்கள் பணிப்பெண்ணின் வேலை நேரத்தில் சேர்ந்தவை. ஒருத்தியின் ஓய்வு, இன்னொருத்தியின் கடமை.

1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்கு இடம்பெயர்ந்தது. இலைநோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று கிடைக்கின்றன. ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்ட 1878ஆம் ஆண்டுப் படம் அவற்றில் ஒன்று. அதில் இருப்பவர்களின் முகங்களில், இங்கிலாந்துப் படங்களில் காணும் கனவு இல்லை. அவர்கள் நேராக, இறுக்கமாக நிற்கிறார்கள். தலைப்பில் ஒருவருடைய பெயரும் இல்லை. இலங்கைப் படங்களில் இருப்பவர்களில் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்களும் இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

அப்போது களுத்துறையில் விருந்தினராகத் தங்கியிருந்தவர் ஓவியர் மரியான் நோர்த். தாவரங்களை வரைவதற்காக உலகம் சுற்றிய அவர், தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகழகு கேமரனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமே இல்லை. தோட்டம் என்றால் என்ன என்பதும் அந்த ஆளுக்குத் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். நமக்கு அது வேடிக்கையாக இல்லை. ஒரு மனிதரின் முதுகை ரசித்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் வசதி காலனியத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இருந்தது. அந்த ஆளின் மனைவிக்கோ தங்கைக்கோ இப்படித் திருப்பிப் பார்க்கும் ஒரு கண்ணாடி இல்லை.

1879இல் கேமரன் இலங்கை மலையகத்தில் இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையைச் சுற்றியுள்ள மலைகளில் இன்றும் தமிழ்ப் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களுடைய கையும் நுட்பமான கைதான். கொழுந்தின் முற்றலை விரல் நுனியால் அறியும் அந்தத் திறனை யாரும் கைவினை என்று சொல்வதில்லை. நாள் முடிவில் தராசுதான் அதை மதிப்பிடுகிறது.

இதை வைத்துக் கேமரனைத் தள்ளிவிடலாமா? கூடாது என்பதே என் வாசிப்பு. நாற்பத்தெட்டு வயதில், குடும்பத்தை வளர்த்து ஆளாக்கிய பிறகு, ‘இது எனக்கு’ என்று ஒன்றை எடுத்து, அதில் முழுதாக மூழ்கிய பெண் அவர். அந்த ஆசையில் குற்றமில்லை. அதை நிறைவேற்றும் நேரமும் ஆட்களும் சிலருக்கே கிடைத்ததுதான் குற்றம். அவருடைய மகிழ்ச்சியைக் குறைக்க வேண்டும் என்பது பெண்ணியத்தின் கோரிக்கையாக இருக்க முடியாது. மேரி ஹில்லியருக்கும் களுத்துறைப் பெண்ணுக்கும் அது ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் நம் கேள்வி.

நம் ஊரிலும் இந்தப் பிரிவினை உண்டு. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று வடிவம் வடிவமாக வயர் கூடை பின்னும் நடுத்தர வர்க்கப் பெண் செய்வது பொழுதுபோக்கு. பனையோலைப் பெட்டி முடைந்து சந்தைக்கு அனுப்பும் பெண் செய்வது பிழைப்பு. இரண்டிலும் விரல்கள் எண்ணிக்கை தவறாமல் எடுத்துப் போடுகின்றன. ஒன்றை ரசனை என்றும் இன்னொன்றைக் கூலி வேலை என்றும் பிரிப்பது சாதியும் காசும்தான். ஓலை முடைபவளுக்கும் தனக்கென ஒரு பெட்டியில், யாரும் கேட்காத ஒரு நிறத்தைச் சேர்த்துப் பார்க்கும் ஆசை இருக்கும். அந்த ஆசைக்கு நாம் பெயர் வைக்கவே இல்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இடையில் இருக்கும் 202 நிமிடத்தில் எத்தனை கூடை பின்னலாம், எத்தனை படம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘எனக்கு அந்த மாதிரித் திறமையெல்லாம் இல்லை’ என்று பெண்கள் சொல்லும்போது, பல நேரம் இல்லாமற்போனது இந்த நிமிடங்கள்தான்.

நம் குடும்ப ஆல்பங்களில் அம்மாக்கள் படத்துக்குள் நிற்பவர்கள். கேமரா பெரும்பாலும் அப்பா கையிலோ மாமா கையிலோ இருந்தது. கைபேசி வந்த பிறகு, தனக்கென்று அது வாய்த்த பெண்கள் முதல்முறையாகத் தாங்கள் பார்ப்பதைப் படமாக்குகிறார்கள். பெரும்பாலும் வாசல் கோலம், வெந்துகொண்டிருக்கும் குழம்பு, சன்னலில் விழும் வெயில். ‘இதையெல்லாமா படம் எடுப்பார்கள்’ என்று சிரிக்கிறோம். கேமரனின் மங்கலைப் பார்த்து அந்தச் சங்கத்து ஆண்கள் சிரித்த சிரிப்புதான் இதுவும். அழிந்துபோகும் கோலத்தைத் தினமும் போடுகிறவளுக்கு, அதில் ஒன்றை அழியாமல் வைத்துக்கொள்ளத் தோன்றியது சிறிய விஷயமல்ல.

அதை விற்கச் சொல்ல வேண்டாம். விற்க விரும்புகிறவள் விற்கட்டும். அவளுக்கு உரிய விலை கிடைக்கட்டும். ஆனால் விற்காததற்கும் மதிப்பு உண்டு என்பதை நாம் ஏற்க வேண்டும். ஒருத்தி அரைகுறையாகப் பின்னி, பிடிக்காமல் பிரித்துவிட்டு, மறுபடி தொடங்குகிறாள் என்றால், அந்த மாலை அவளுடையதாக இருந்தது என்று பொருள். அவள் பின்னிக்கொண்டிருக்கும்போது உலையில் அரிசி போடுவது யார் என்ற கேள்விக்கு, இன்னொரு பெண்ணின் பெயர் பதிலாக வராத வீடுகளை நாம் உருவாக்க வேண்டும்.