மேசையில் தேறியவர்கள், தெருவில் தடுமாறியவர்கள்

மூன்று பேர். மூவருக்கும் தலையில் பலத்த அடிபட்டு மூளையின் முன்மடல் சேதமாகியிருந்தது. அறிவுத்திறன் சோதனையில் மூவரும் நன்றாகவே மதிப்பெண் எடுத்தார்கள். முன்மடல் பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்றே வைத்திருந்த சோதனைகள் பலவற்றிலும் தேறினார்கள். ஆனால் அன்றாட வாழ்க்கையை ஒழுங்காக நடத்த அவர்களால் முடியவில்லை. டிம் ஷாலிஸ், பால் பர்கெஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனார்கள். சில சாமான்கள் வாங்க வேண்டும், சில தகவல்களை விசாரித்து எழுதிவர வேண்டும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நிற்க வேண்டும். எதையும் வாங்காமல் கடைக்குள் நுழையக் கூடாது என்பது போலச் சில விதிகள் உண்டு. நம்மில் பலர் சனிக்கிழமை காலையில் செய்துமுடிக்கிற வேலைதான். மூவரும் அதில் தடுமாறினார்கள்.

1991இல் 'பிரெய்ன்' இதழில் வந்த இந்த ஆய்வு, ஒரு மருத்துவப் பழக்கத்தின் அடிப்படையையே கேள்வி கேட்டது. நோயாளியை அமைதியான அறையில் உட்காரவைத்து, மேசைமேல் அட்டைகளையும் தாள்களையும் வைத்து, அவருடைய செயலாட்சித் திறனை அளக்கும் பழக்கம் அது. இந்தச் செயலாட்சித் திறனை மருத்துவர்கள் 'எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்' என்பார்கள். திட்டமிடுவது, கைபோன போக்கை அடக்குவது, நிலைமை மாறும்போது வழியை மாற்றுவது, ஒன்றைச் செய்துகொண்டே இன்னொன்றை நினைவில் வைத்திருப்பது எல்லாம் இதில் அடங்கும். சாம்பார் கொதிக்கிறது, பால் பொங்கப்போகிறது, வாசலில் சிலிண்டர் வந்து நிற்கிறது, பள்ளி வேனுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்பவர் மனசுக்குள் நடக்கும் நிர்வாகம் இதுதான். டிமென்ஷியா, பார்க்கின்சன், பக்கவாதம், மனச்சிதைவு, குழந்தைகளின் கவனக்குறைவு என்று பல நோய்களில் இது பழுதாகிறது.

இந்தச் சோதனைகளைக் குறைசொல்லும் முன் அவற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1948இல் கிராண்ட், பெர்க் இருவரும் விஸ்கான்சின் அட்டைச் சோதனையை அறிமுகப்படுத்தினார்கள். அட்டைகளை நிறப்படியோ உருவப்படியோ எண்ணிக்கைப்படியோ பிரித்து அடுக்க வேண்டும். எது விதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சரி, தவறு என்ற பதிலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். தொடர்ந்து பத்து முறை சரியாக வைத்ததும், சொல்லாமலே விதி மாறிவிடும். மான்ட்ரியலில் வலிப்புநோய்க்காக மூளை அறுவை செய்துகொண்டவர்களிடம் பிரெண்டா மில்னர் இதைக் கொடுத்துப் பார்த்தார். 1963இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. முன்மடலின் மேற்புறப் பகுதியை இழந்தவர்கள் 'தவறு' என்று கேட்டபடியே பழைய விதிப்படி அட்டைகளை வைத்துக்கொண்டே போனார்கள். அதுவரை 'பிடிவாதம்', 'சோம்பல்', 'குணம் மாறிவிட்டது' என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை எண்ணிக் காட்ட முடிந்தது. இது சாதாரணச் சாதனை இல்லை. குணக்கேடு என்று பழிக்கப்பட்டவர்கள் நோயாளிகள் என்று அறியப்பட்டார்கள்.

பார்க்கின்சன் நோயில் இந்தச் சோதனைகளின் கூர்மை இன்னும் தெளிவாகத் தெரியும். ரோஷன் கூல்ஸும் சகாக்களும் 2001இல் காட்டியது இது: லெவோடோபா மாத்திரை எடுத்துக்கொண்டால் நோயாளிகள் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறுகிறார்கள். அதே மாத்திரை, முன்பு பலன் தந்த தேர்வு இப்போது தருவதில்லை என்று உணர்ந்து மனத்தை மாற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்கிறது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வற்றிய பகுதிக்கு மருந்து போதுமானதாக இருக்கும்போது, வற்றாத பகுதிக்கு அது மிகையாகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நோயாளியிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று எத்தனை முறை கேட்டாலும் இது வெளியே வராது. கட்டுப்படுத்திய சோதனை ஒன்றுதான் இதைப் பிரித்துக் காட்டும்.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு பயன்பட்ட கருவி, ஒரு தனிமனிதரின் கதியைத் தீர்மானிக்கும் தராசாக மருத்துவமனைக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

சோதனை அறையில் நடப்பதைக் கவனியுங்கள். எப்போது தொடங்க வேண்டும் என்று சோதிப்பவர் சொல்கிறார். எதைச் செய்ய வேண்டும் என்று விளக்குகிறார். ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் கொடுக்கிறார். போனை அணைத்து, கதவைச் சாத்தியிருக்கிறார். முடிந்ததும் "போதும்" என்கிறார். எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பதுதான் முன்மடலின் வேலை என்றால், அந்த ஒரு மணி நேரமும் அதைச் செய்துகொடுத்தது சோதிப்பவரின் முன்மடல். ஊன்றுகோலைக் கையில் கொடுத்துவிட்டு நடையை அளப்பதுபோன்ற காரியம் இது. இந்தப் பழக்கத்தின் ஆகப்பெரிய குறை இதுதான் என்பது என் முடிவு. மற்ற குறைகளைத் திருத்த வழி உண்டு. இது அந்த அறையோடு கூடவே பிறந்தது.

எஸ்லிங்கர், தமாசியோ இருவரும் 1985இல் விவரித்த ஒரு நோயாளியின் கதை இதற்குச் சாட்சி. நிதிக் கணக்குப் பொறுப்பில் இருந்தவர். 35 வயதில் மூளையில் கட்டி வந்து, முன்மடலின் அடிப்பகுதியில் அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகும் அவர் அறிவுத்திறன் சராசரிக்கு வெகு மேலே இருந்தது. விஸ்கான்சின் சோதனையிலும் குறை தெரியவில்லை. ஆனால் தொழிலில் பணத்தை எல்லாம் இழந்தார். வேலைகள் போயின, மணவாழ்க்கை முறிந்தது. எந்த உணவகத்துக்குப் போவது என்று முடிவெடுக்கவே மணிக்கணக்காக யோசிப்பார். மதிப்பெண் தாளை மட்டும் பார்த்திருந்தால் இவருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்பார்கள். இவ்வகையில் தவறாகத் திருப்பி அனுப்பப்படுபவர்களின் வீடுகளில் நடப்பதை யாரும் அளப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. விஸ்கான்சின் சோதனையில் தோற்றாலே முன்மடல் பழுது என்று எண்ணிவந்த காலத்தில், ஆண்டர்சன், தமாசியோ குழுவினர் 1991இல் சோதித்துப் பார்த்தார்கள். மூளையின் வேறு பகுதிகளில் காயம்பட்டவர்களுக்கும் முன்மடலில் காயம்பட்டவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை. காரணம் எளிது. அட்டையைப் பார்க்கக் கண் வேண்டும், விதியை வைத்திருக்க நினைவு வேண்டும், பதிலைக் கேட்டுக்கொள்ளப் பொறுமை வேண்டும். செயலாட்சியை மட்டும் தனியே வடித்தெடுக்கும் சோதனை எதுவும் கிடையாது. பலவகைச் சோதனைகளைச் சேர்த்துக் கொடுத்து, அவற்றின் பொதுக்கூறைக் கணிதத்தால் பிரித்தெடுக்கலாம் என்று மியாகே குழு 2000இல் காட்டியது. ஆனால் அதற்கு அவர்களுக்கு 137 மாணவர்கள் தேவைப்பட்டார்கள். மருத்துவர் எதிரே உட்கார்ந்திருப்பது ஒரே ஒருவர்.

இன்னொரு குறை, புள்ளியியல் தெரிந்தவர்களையே வெகுநாள் ஏமாற்றியது. ஸ்ட்ரூப் சோதனையை எடுத்துக்கொள்வோம். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். 1935 முதல் யாரிடம் கொடுத்தாலும் தடுமாற்றம் வருகிறது. அவ்வளவு உறுதியான விளைவு. அந்த உறுதிதான் இங்கே சிக்கல். எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவு தடுமாறினால், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட அந்தச் சோதனையால் எப்படி முடியும்? ஹெட்ஜ், பவல், சம்னர் மூவரும் 2018இல் இதை விரிவாக எழுதினார்கள்.

நம் மொழிக்கும் இதில் பங்கு இருக்கிறது. 'டிரெயில் மேக்கிங்' சோதனையின் இரண்டாம் பகுதியில் 1, ஏ, 2, பி என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். ஏ முதல் எல் வரை 12 எழுத்துகள். நம் உயிரெழுத்துகளும் 12. அப்படியே மாற்றிவிடலாம் என்று ஆசை வரும். ஆனால் பள்ளியை விட்டு ஐம்பது ஆண்டானவரை எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்று தயங்காமல் போகச் சொல்லிப் பாருங்கள். அந்தத் தயக்கத்தில் எவ்வளவு முன்மடல், எவ்வளவு மறந்துபோன அரிச்சுவடி? ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லும் சோதனையும் அப்படித்தான். ப என்று கொடுத்தால் 'பூ'வும் 'பெட்டி'யும் சேருமா சேராதா? ஆங்கிலத்தில் எழாத கேள்வி இது. பள்ளிக்கே போகாதவருக்கு எழுத்து என்பதே அந்நியம். ஸ்ட்ரூப் சோதனையோ வாசிக்கத் தெரியாதவரிடம் பொருளற்றுப்போகும். வாசிப்பு குறுக்கிட்டால்தானே தடுமாற்றம் வரும்? மூளைத்திறன் குறைந்திருக்கிறதா என்று பார்க்கப் பரவலாகப் பயன்படும் மோகா சோதனை 30 மதிப்பெண்ணுக்கு. 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுப்பார்கள். பிளஸ் டூ முடித்தவருக்கும் நாற்று நட்டே வாழ்ந்த பாட்டிக்கும் அதே ஒரு மதிப்பெண். கல்வி குறைந்தவர்களுக்கென்று மோகா-பேசிக் என்ற தனி வடிவம் பிறகு வந்தது. அதைத் தேடி எடுத்துப் பயன்படுத்தும் அக்கறை மருத்துவரிடம் இருக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டாரையே கேட்டுவிடலாமே என்றால், அங்கும் பள்ளம் இருக்கிறது. வினாத்தாள் கொடுத்துப் பெற்றோரிடமோ துணைவரிடமோ கேட்கும் முறைகள் உண்டு. டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் மூவரும் 2013இல் 20 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மேசைச் சோதனைக்கும் வினாத்தாளுக்கும் இடையிலான ஒட்டுறவின் இடைநிலை அளவு 0.19தான். இரண்டும் ஒரே பெயரில் வேறு வேறு பொருளை அளக்கின்றன. தவிர, இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் மருமகளின் பதிலில் அவளுடைய அலுப்பும் கலந்திருக்கும். அதைத் தவறு என்று யாரால் சொல்ல முடியும்?

கடைத்தெருச் சோதனையும் குறையில்லாததல்ல. ஒரு கடைத்தெருவில் வகுத்த அளவுகோல் இன்னொரு ஊரில் செல்லாது. ஆளும் நேரமும் நிறைய வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவரை இரண்டு மணி நேரம் வெளியே அழைத்துப்போக யாரால் முடியும் என்று மருத்துவர்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது.

எனவே மேசைச் சோதனைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மதிப்பெண் தாழ்ந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும்; கண், காது, படிப்பு, மொழி, மனச்சோர்வு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகு. மதிப்பெண் சரியாக இருந்து வீட்டில் வாழ்க்கை சிதறிக்கொண்டிருந்தால், வீட்டையே நம்ப வேண்டும். இன்றைய பழக்கம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சடித்து வந்தால், மனைவி சொல்வது மிகை என்று ஆகிவிடுகிறது.

வீட்டிலுள்ள ஒருவரை இத்தகைய சோதனைக்கு அழைத்துப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த வேலைகள் பாதியில் நின்றன, யார் நினைவூட்டிய பிறகு நடந்தன, பணம் எங்கே தவறிப்போனது, எந்தப் பழக்கமான சமையல் இப்போது வருவதில்லை. தேதி தெரிந்தால் தேதியோடு. அந்தத் தாளை மருத்துவர் கையில் கொடுத்து, மதிப்பெண் தாளோடு அதையும் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.