கிருமிகண்ட சோழன் இடதா, வலதா?

போன மாதம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கூட்டம். இருபது பேர் இருந்தோம். ஹிட்லர் இடதா வலதா என்று தொடங்கிய பேச்சு ராஜராஜனில் வந்து நின்றது. ஒரு தோழர், "அந்தக் காலத்துக்கு அவன் முற்போக்குதான், நிலத்தை அளந்தான், நிர்வாகம் பண்ணினான்" என்றார். இன்னொருத்தர், "அசல் வலதுசாரி, பார்ப்பானுக்கு ஊர் ஊராக் குடுத்தவன்" என்றார். ரெண்டு பேருக்கும் கை தட்டினாங்க. எனக்கு ரெண்டுமே ஒட்டவில்லை.

ஹிட்லர் விஷயம் சுலபம். கட்சிப் பேரில் சோசலிசம் இருந்ததே என்பவர்கள், 1933 மே 2இல் தொழிற்சங்க அலுவலகங்களைப் பிடித்துத் தலைவர்களைச் சிறையில் போட்டது யார் என்று சொல்லட்டும். அவன் காலத்தில் அந்தச் சொற்கள் நடமாடின. 1789இல் பிரெஞ்சு சபையில் அரசனுக்குத் தடுப்பதிகாரம் வேணும்னவங்க தலைவருக்கு வலப்பக்கமும், எதிர்த்தவங்க இடப்பக்கமும் உட்கார்ந்ததில் பிறந்த பேர்கள் அவை. அந்த நாற்காலிகளைச் சோழன் அரண்மனைக்குத் தூக்கிப் போனால் யார் உட்காருவது?

ஸ்ரீரங்கத்துக்கென்று ஒரு கொடுங்கோலன் உண்டு. குருபரம்பரை நூல்கள் அவனைக் கிருமிகண்ட சோழன் என்கின்றன. சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னான். இராமானுசர் மேல்கோட்டைப் பக்கம் போக வேண்டியதாயிற்று. அவருக்குப் பதிலாகப் போன கூரத்தாழ்வான் கண்ணை இழந்தார், பெரிய நம்பி உயிரை இழந்தார். இது கதை. அவன் முதலாம் குலோத்துங்கன் என்று சிலர், இரண்டாமவன் என்று சிலர். முதலாமவன் என்றால் வணிகர்களுக்கு அவன் 'சுங்கம் தவிர்த்த சோழன்'. அவன் காலத்துக் கல்வெட்டுகள் ஸ்ரீரங்கம் கோயிலிலேயே நிறைய இருக்கின்றன. வீதிக்கு ஒரு பேர், கடைக்கு ஒரு பேர். சேரி அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது? அதை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

அதே பெரிய நம்பியைப் பற்றி அதே நூல்களில் இன்னொரு கதையும் உண்டு. மாறனேரி நம்பி தாழ்ந்த சாதிக்காரர், ஆளவந்தாரின் சீடர். அவர் இறந்தபோது பெரிய நம்பி முன்நின்று ஈமக்கடன் செய்தார். அதுக்காக ஸ்ரீரங்கத்துப் பார்ப்பனர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். கண்ணைப் பிடுங்கிய அரசன் கதை இன்றைக்கும் நடக்கிறது. ஒதுக்கி வைத்த வீதியின் கதை அடங்கிப்போச்சு. எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்குக் குருபரம்பரையை நடைக்காக நடத்தினாங்க. மணிப்பிரவாளம் பற்றித் தேர்வில் கேள்வி வந்தது, மாறனேரி நம்பி பற்றி வரவில்லை. அரசியல் கொடுங்கோன்மையைவிடச் சமூகக் கொடுங்கோன்மை பெரிது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அரசனுக்கு இடது வலது ஒட்டுகிறவர்கள் அந்த வீதிக்கு என்ன சீட்டு ஒட்டுவார்கள்?

இடமும் வலமும் நமக்கு இறக்குமதிச் சரக்கும் இல்லை. இதே மண்ணில் வலங்கை, இடங்கை என்று சாதிகளை ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. பிற்காலப் பதிவுகளில் பறையர் வலங்கை. பள்ளரும் அருந்ததியரும் இடங்கை. நம்ம ஆட்களையே நம்ம ஆட்களுக்கு எதிரா நிறுத்தின பிரிவினை அது. பாடாலூருக்குப் பக்கத்து ஊட்டத்தூரில் 1218ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. முனிவரின் வேள்வியைக் காக்கத் தீக்குண்டத்திலிருந்து பிறந்தவர்கள் நாங்கள் என்று அதில் இடங்கையார் சொல்லிக்கொள்கிறார்கள். இடங்கையே வேள்விக்குக் காவல்! ஆனால் 1429இல், பழைய திருச்சி மாவட்டத்து ஆடுதுறையில், வலங்கை 98, இடங்கை 98 என்று ரெண்டு கையும் சேர்ந்து, அதிகாரிகளும் நிலமுள்ள பார்ப்பனரும் வெள்ளாளரும் வரி என்று பிடுங்கியதை எதிர்த்திருக்கின்றன. இடது வலது பேசுகிற தோழர்கள் இந்தக் கல்வெட்டையும் ஒருதரம் போய்ப் பார்க்கலாம்.

ராஜராஜனுக்கு வருவோம். பெரிய கோயில் கல்வெட்டில், ஊர்களில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் உண்டு. சேரியை அவன் உண்டாக்கினான் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஏற்கெனவே தனியாகக் கிடந்தது. அவன் அளந்து கணக்கில் ஏற்றினான். தோழர் முற்போக்கு என்று சொன்ன நில அளவை அதுதான். 2019இல் திருப்பனந்தாளில் பா. இரஞ்சித் அவன் காலத்து நில உரிமை பற்றிப் பேசினதுக்கு வழக்குப் போட்டார்கள். 2022இல் திராவிட அரசு சதயவிழாவை அரசு விழா ஆக்கியது. 2025இல் கங்கைகொண்ட சோழபுரம் வந்த பிரதமர் அவனுக்கும் ராஜேந்திரனுக்கும் சிலை வைப்போம் என்றார். ஒருத்தரை ஒருத்தர் வலது, போலி என்று ஏசிக்கொள்கிறவர்கள் இங்கே மட்டும் ஒரே வடம் பிடிக்கிறாங்க.

கூட்டத்தில் இந்திரா காந்தி பேச்சும் வந்தது. நெருக்கடி நிலையில்தான், 1976இல், முகவுரையில் 'சோசலிச' என்ற சொல் ஏறியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான். அதே ஆட்சிதான் ஏழைகளைப் பிடித்துக் கருத்தடை செய்தது, டெல்லி துர்க்மான் கேட்டில் குடிசைகளை இடித்தது. கொத்தடிமையாக் கிடந்தவன் அந்தச் சட்டத்தை வேண்டாம்னு சொல்ல முடியுமா? சட்டம் வந்ததுக்காகச் சர்வாதிகாரத்தை இடதுன்னு கும்பிடத்தான் முடியுமா?

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவரவர் ஊர் அ-பதிவேட்டு நகலோடு வரணும் என்று சொல்லியிருக்கிறோம். பஞ்சமி நிலம் யார் பேரில் இருக்குன்னு முதல்ல பார்ப்போம். லால்குடிப் பக்கத்து ஆட்கள் ரெண்டு பேர் எடுத்துட்டு வர்றதாச் சொன்னாங்க. முற்போக்குத் தோழர் இன்னும் பதில் சொல்லவில்லை.